வியர்க்காத கண்ணாடிக் கதவு: கடலோர வீட்டு ஒயின் அறைக்கு எதை வாங்குவது

சென்னையில் வீட்டுக்குள் ஒயின் அறை கட்டுபவர்கள் குளிரூட்டும் இயந்திரத்தைப் பற்றியும் மர அடுக்குகளைப் பற்றியும் நிறைய விசாரிக்கிறார்கள். கதவை மட்டும் கடைசியில், இன்டீரியர்காரர் கைபேசியில் காட்டும் படத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் சட்டமே இல்லாத 12 மி.மீ. ஒற்றைக் கண்ணாடிக் கதவு. பார்க்க அழகுதான். ஆனால் அது காற்றில் ஈரம் குறைந்த ஊருக்கான கதவு. அதையே பெசன்ட் நகரிலோ நீலாங்கரையிலோ மாட்டினால் புழுக்கமான நாளெல்லாம் வெளிமுகத்தில் நீர் கோத்து வழியும். கதவடியில் மரத்தரை ஊறி உப்பும், பக்கத்துச் சுவரில் பெயின்ட் உரியும், இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடும்.

இங்கே சொல்லப்போவது கூடத்தையோ சாப்பாட்டு அறையையோ பார்த்தபடி அமையும் ஒயின் அறைக் கதவைப் பற்றி. கணக்கெல்லாம் கடலோர ஊருக்கானது. பெங்களூரிலும் கோவையிலும் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் பனிநிலை

காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்குகிறதோ அதுதான் பனிநிலை. கண்ணாடியின் வெளிமுகம், அதாவது கூடத்துப் பக்கம், அதைவிடக் குளிர்ந்தால் வியர்க்கும், இல்லாவிட்டால் வியர்க்காது. கதவைப் பற்றிய மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

25 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் ஏசி ஓடும் கூடத்தின் பனிநிலை 14 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அதே கூடத்தில் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, 30 டிகிரி, 75 சதவீதம் என்றானால் பனிநிலை 25 டிகிரிக்கு ஏறிவிடும். இடையில் 11 டிகிரி. கடையில் மாதிரிக் கதவு நிற்பது ஏசி ஓடும் ஷோரூமில். உங்கள் வீட்டில் கதவு தாங்க வேண்டியது ஏசி அணைந்த நேரத்தை. குடும்பத்தோடு ஊருக்குப் போய் ஒரு வாரம் வீடு பூட்டிக் கிடக்கும்போதும் ஒயின் அறை 13 டிகிரியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஏசி இல்லாத நிலைமைக்கே கணக்குப் போடுங்கள்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, கதவு வரப்போகும் இடத்தில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வையுங்கள். மழை நாளிலும் அதிகாலையிலும் காட்டும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி தேவையில்லை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து மிக மோசமாக இருந்த அந்த ஒரு நேரத்தின் பனிநிலைதான் வேண்டும்.

ஒயினுக்கு வேண்டியது 12 முதல் 14 டிகிரி. ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம். அதற்குக் கீழே போனால் கார்க் உலர்ந்து சுருங்கும், மேலே போனால் லேபிளில் பூஞ்சை பிடிக்கும். அறை 13 டிகிரி, கூடம் 30 டிகிரி, வித்தியாசம் 17 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கண்ணாடி எவ்வளவு வெப்பத்தை விடுகிறது என்பதைச் சொல்வது யூ மதிப்பு. எண் குறையக் குறையக் கண்ணாடி நல்லது. கண்ணாடியின் வெளிமுகம் எவ்வளவு குளிரும் என்று பார்க்க எளிய கணக்கு போதும்: யூ மதிப்பை 0.13 ஆல் பெருக்கி, அதை இரு பக்க வெப்ப வித்தியாசத்தால் பெருக்கினால், கூடத்தின் வெப்பத்தைவிட வெளிமுகம் எத்தனை டிகிரி தாழ்ந்திருக்கும் என்று தெரியும். கண்ணாடியை ஒட்டி நிற்கும் அசையாத காற்றுப் படலத்தின் தடைதான் அந்த 0.13. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுவனங்கள் அச்சிடும் யூ மதிப்பு ஒரு பக்கம் வெளிக்காற்று அடிக்கும் ஜன்னலுக்கானது. வீட்டுக்குள் இரு பக்கமும் காற்று அசையாததால் உண்மை மதிப்பு கொஞ்சம் குறையும். கீழே உள்ள எண்களில் அந்தத் திருத்தம் சேர்ந்திருக்கிறது.

ஒற்றைக் கண்ணாடிக்கு வீட்டுக்குள் யூ மதிப்பு சுமார் 3.8. வெளிமுகம் 8 டிகிரிக்கு மேல் இறங்கி 21.6க்கு வந்து நிற்கும். பனிநிலை 25. வழியத்தான் செய்யும். 6 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவில் 12 மி.மீ. வெறும் காற்று என்ற சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.2 அளவில் வரும். வெளிமுகம் 25க்கு வந்து பனிநிலையின் விளிம்பிலேயே நிற்கும். ஏசி ஓடும்போது தெளிவாக இருந்து, மழை நாளில் மட்டும் வியர்க்கும் கதவு இதுதான். அதே இரட்டைக் கண்ணாடியில் ஒரு முகத்துக்கு, கதிராகப் பாயும் வெப்பத்தைத் தடுக்கும் லோ-ஈ என்ற மெல்லிய பூச்சு கொடுத்தால் 1.4, வெளிமுகம் 27 டிகிரி. இடைவெளியை 16 மி.மீ. ஆக்கி ஆர்கான் வாயுவும் நிரப்பினால் 1.0; வெளிமுகம் 27.8.

பெரிய பாய்ச்சலைத் தருவது லோ-ஈ பூச்சு என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும். ஆர்கான் அதற்கு மேல் ஒரு டிகிரிக்குக் குறைவாகவே தருகிறது. பணம் இறுகும்போது ஆர்கானை விடலாம், பூச்சை விடக்கூடாது. மூன்று கண்ணாடிக் கதவு தேவையா என்று பலர் கேட்கிறார்கள். ஒற்றைக் கதவுக்குத் தேவையில்லை. எடை ஒன்றரை மடங்காகிக் கீலுக்குத்தான் தண்டனை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரக் கண்ணாடிச் சுவர் ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் சுமார் 460 வாட் வெப்பத்தை இரவு பகலாக உள்ளே விடும். லோ-ஈ, ஆர்கானோடு சுமார் 120 வாட்.

லோ-ஈ என்று சொல்லி எதையோ கொடுக்கிறார்கள்

நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளில் இரட்டைக் கண்ணாடியை டிஜியூ என்றே சொல்கிறார்கள். டிஜியூ கேட்டால் உடனே கிடைக்கும். லோ-ஈ கேட்டால் பல இடங்களில் வெயில் தடுக்கும் ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியை எடுத்துக் காட்டுவார்கள். இரண்டும் வேறு. ரிஃப்ளெக்டிவ் வெயிலைத் திருப்பி அனுப்பும். இரு கண்ணாடிக்கும் நடுவே கதிராகப் பாயும் வெப்பத்தை அது நிறுத்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. அலுவலகக் கட்டடங்களுக்கு வரும் கரும்பச்சை, நீலக் கண்ணாடிகளை ஒயின் அறையில் போட்டால் பாட்டிலும் தெரியாது, வியர்வையும் நிற்காது. உங்களுக்கு வேண்டியது நிறமற்ற, ஒளி நன்றாகப் புகும் லோ-ஈ. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை இருப்பதால் சென்னைக்காரர்களுக்குப் பூச்சுக் கண்ணாடி எட்டாத பொருளல்ல. ஆனால் டிஜியூவாகக் கோப்பது வேறு பட்டறைகள். தரம் கெடுவது பெரும்பாலும் அந்தப் பட்டறையில்தான்.

பூச்சு இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். இருட்டில் லைட்டர் சுடரையோ கைபேசி டார்ச்சையோ கண்ணாடிக்கு அருகே சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள். இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு முகம், ஆகவே நான்கு பிம்பம் வரிசையாகத் தெரியும். மூன்று ஒரே நிறமாகவும் ஒன்று மட்டும் சிவப்போ பச்சையோ கலந்தும் தெரிந்தால் அங்கே பூச்சு உண்டு. எத்தனையாவது பிம்பம் நிறம் மாறுகிறது என்பதைப் பார்த்துப் பூச்சு எந்த முகத்தில் என்றும் சொல்லிவிடலாம். கூடத்துப் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ, அதாவது கண்ணாடிகளின் நடுவே, இருக்க வேண்டும். முதல் முகத்தில், கூடத்தைப் பார்த்தபடி, பூச்சு வரவே கூடாது. கூடத்திலிருந்து கண்ணாடிக்கு வரும் கதிர்வெப்பத்தை அது தட்டிவிடும். வெளிமுகம் இன்னும் குளிர்ந்து, வியர்வை கூடும்.

நல்ல லோ-ஈ என்பது வெள்ளி கலந்த மென்பூச்சு. காற்றும் ஈரமும் பட்டால் கறுத்துவிடும். அதனால் கண்ணாடியின் நான்கு ஓரங்களிலும் சுமார் 10 மி.மீ. அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் கண்ணாடி மேல்தான் பசையை ஒட்ட வேண்டும். இந்த வேலையைத் தவிர்க்கும் பட்டறைகள் உண்டு. அப்படிச் செய்த கண்ணாடியில் பழுப்புக் கறை ஓரத்திலிருந்து உள்ளே பரவிக்கொண்டே போகும், துடைக்கவும் முடியாது. ஆர்டர் கொடுக்கும்போதே "ஓரத்தில் பூச்சு நீக்கித்தானே ஒட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். கேள்வியே புரியாத பட்டறை உங்களுக்கு வேண்டாம்.

ஓரம்தான் முதலில் தோற்கும்

மேலே பார்த்த வெப்பநிலையெல்லாம் கண்ணாடியின் நடுப்பகுதிக்கு. ஓரம் எப்போதும் அதைவிடக் குளிர்ந்திருக்கும். காரணம், இரண்டு கண்ணாடியையும் தள்ளிப் பிடித்திருக்கும் ஸ்பேசர் பட்டை. அது பெரும்பாலும் அலுமினியம். குளிரை இந்தப் பக்கத்துக்கு அப்படியே கடத்தும். நான்கு ஓரத்திலும் கீழ் ஓரம் மிக மோசம். நடுவிலுள்ள வாயு குளிர்ந்த கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்கி, அடியில் திரும்பிக் கூடத்துப் பக்கக் கண்ணாடியின் அடிப்பகுதியைத் தொடுகிறது. அறைக்குள்ளும் குளிர்காற்று தரையில் தேங்குகிறது. ஆகவே கதவு சரியில்லை என்றால், முதல் அறிகுறி கண்ணாடியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் படரும் மூடுபனிதான்.

இதற்கு வார்ம்-எட்ஜ் ஸ்பேசர் என்று கேட்டு வாங்க வேண்டும். ஃபோம் வகையோ, பிளாஸ்டிக்கும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கலந்த வகையோ எதுவானாலும் சரி. ஸ்பேசருக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். அதைச் சுற்றி முதலில் பியூட்டைல் பசை, அதற்கு வெளியே பாலிசல்ஃபைடோ சிலிகானோ என இரண்டு அடுக்கு. ஈரத்தையும் வாயுவையும் உண்மையில் தடுப்பது பியூட்டைல். வெளி அடுக்கு கண்ணாடியைப் பிடித்து நிற்கிறது. ஆர்கான் நிரப்பினால் வெளி அடுக்கு பாலிசல்ஃபைடாக இருப்பது மேல், சிலிகான் வழியே வாயு எளிதாக வெளியேறும். டிஜியூவுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1279. ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் வாயு கசியக் கூடாது என்பது அதில் ஒரு விதி. சோதனை அறிக்கை கேட்டால் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

சட்டமும் நிலையும்

கண்ணாடிக்கு இவ்வளவு செலவு செய்துவிட்டுச் சாதாரண அலுமினிய செக்‌ஷனில் மாட்டினால் அத்தனையும் வீண். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். கண்ணாடி காய்ந்திருக்க, சட்டத்தில் சொட்டும்.

தெர்மல் பிரேக் அலுமினியம் என்றால் உள்பக்க, வெளிப்பக்கத் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே பாலிஅமைடு பட்டையால் இணைந்திருக்கும். செக்‌ஷனின் வெட்டுமுகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்: இரண்டு உலோகத் துண்டுக்கும் நடுவில் கறுப்புப் பட்டை இரண்டு தெரிய வேண்டும், அதன் அகலம் 24 மி.மீ. ஆவது இருப்பது நல்லது. 14 மி.மீ. பட்டையும் தெர்மல் பிரேக் என்ற பெயரில்தான் விற்கிறது. திருகு எங்காவது இரு துண்டையும் துளைத்துக்கொண்டு போனால் அந்த இடம் குளிர் கடந்துவரும் பாலம். நாணயம் அளவு வியர்வை வட்டம் அங்கே வரும்.

யூபிவிசி இந்த வேலைக்கு மிகப் பொருத்தம், விலையும் கட்டுப்படும். உள்ளே பல அறைகள் கொண்ட செக்‌ஷனாகவும், கதவின் எடையைத் தாங்க இரும்பு உள்ளீடு வைத்ததாகவும் பார்த்து வாங்க வேண்டும். பருமனாகத் தெரிகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. தேக்கும் நல்ல தேர்வுதான். ஆனால் ஒரு முகம் ஈரத்திலும் மறுமுகம் குளிரிலும் நிற்பதால் கோணும் வாய்ப்பு உண்டு. நன்கு காய்ந்த மரமாக இருக்க வேண்டும், ஆறு பக்கமும் பாலியூரிதேன் பூச வேண்டும். கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கண்ணில் படாததால் ஆசாரிகள் பூசாமல் விட்டுவிடுவார்கள், ஈரம் ஏறுவது அங்கேதான். சாதா மரம், பிளைவுட், எம்டிஎஃப் எதுவும் வேண்டாம்.

சட்டமில்லாத கதவு பற்றி நேராகச் சொல்லிவிடலாம்: கடலோர வீட்டு ஒயின் அறைக்கு அது கூடாது. கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் பேட்ச் ஃபிட்டிங், ஃப்ளோர் ஸ்பிரிங் இவற்றோடு வரும் கதவில் நான்கு பக்கமும் சில மி.மீ. சந்து இருந்தே தீரும். 900 மி.மீ. அகலக் கதவின் அடியில் 5 மி.மீ. சந்து என்றால் 45 சதுர செ.மீ. ஓட்டை. 30 டிகிரி, 75 சதவீதக் காற்று ஒரு கன மீட்டர் உள்ளே நுழைந்தால் சுமார் 15 கிராம் நீரை அறைக்குள் இறக்கிவிட்டுத்தான் 13 டிகிரிக்கு வரும். குளிரூட்டிச் சுருளில் பனிக்கட்டி பிடிப்பதும், வடிகால் குழாயில் ஓயாமல் நீர் சொட்டுவதும் பல வீடுகளில் இந்தச் சந்தால்தான். இயந்திரம் சிறியது என்று நினைத்துப் பெரிதாக மாற்றினால் சந்து அப்படியேதான் இருக்கும். சறுக்குக் கதவிலும் இதே கதை. பிரஷ் சீல் தூசியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது.

கேஸ்கெட், வாசப்படி, கைப்பிடி

கதவு நான்கு பக்கமும் ஒரு படியில் அமர்ந்து, கேஸ்கெட்டை அழுத்தி மூட வேண்டும். கேஸ்கெட் இபிடிஎம் ரப்பராக இருக்கட்டும். மாட்டும்போது இழுத்து மாட்டினால் சில மாதத்தில் சுருங்கி மூலைகளில் வாய் பிளக்கும். தேவைக்கு ஒன்று இரண்டு சதவீதம் நீளமாக வெட்டி, உள்ளே தள்ளித் தள்ளி மாட்டி, மூலையில் 45 டிகிரியில் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள்.

கீழே 12 முதல் 15 மி.மீ. உயர வாசப்படி வைப்பதே சிறந்த வழி. தட்டும் என்று தயங்குபவர்கள் தானாக இறங்கும் டிராப் சீல் போடலாம். அதற்குத் தரை துல்லியமான மட்டத்தில் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை திருகித் திருத்தவும் வேண்டும்.

வாசப்படியில் நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கூடத்திலிருந்து ஒயின் அறைக்குள் ஒரே கிரானைட் பலகையையோ ஒரே டைலையோ தொடர்ந்து ஓட்டிவிடுவார்கள். கல் வழியே குளிர் வெளியே வந்து, கதவுக்கு முன்னால் தரையில் அரை அடி அகலத்துக்கு ஈரம் படரும். கதவு ஒழுகுகிறது என்று கேஸ்கெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கதவின் நேர் கீழே கல்லை முழு ஆழத்துக்கு அறுத்து, 10 மி.மீ. இடைவெளி விட்டு, அதில் வெப்பம் கடத்தாத எக்ஸ்பிஎஸ் ஃபோம் பட்டையைச் செருகி, மேலே சிலிகான் இட்டால் நின்றுவிடும். அதைத் தரை போடும் அன்றே செய்துவிட்டால் செலவே இல்லை.

கைப்பிடிக்கும் இதே நியாயம்தான். உள்ளும் புறமும் ஒரே போல்ட்டால் கோத்த ஸ்டீல் கைப்பிடி வெளியே வியர்த்துச் சட்டத்தில் கோடு கோடாகக் கறை இறக்கும். வெளிப்பிடியை வெளிச்சட்டத்தில் மட்டும் திருகுங்கள், அல்லது நைலான் புஷ் வைத்துக் கோக்கச் சொல்லுங்கள். பூட்டு மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் இழுத்துப் பிடிக்கும் மல்டிபாயின்ட்டாக இருந்தால் கேஸ்கெட் முழு உயரத்துக்கும் ஒரே மாதிரி அழுந்தும். நடுவில் மட்டும் பூட்டும் உயரமான கதவு மேல் மூலையில் வளைந்து நிற்கும்.

பாதுகாப்பு, ஒளி, எடை

இரண்டு கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். கூடத்துப் பக்கம் 6 மி.மீ. டஃபன்டு, அதாவது சூடாக்கி உறுதியேற்றிய கண்ணாடி. நம் நாட்டில் அதற்கான தரம் ஐஎஸ் 2553. முத்திரை கண்ணாடியின் ஓரத்திலேயே பதிந்திருக்கும். டஃபன்டு கண்ணாடி அபூர்வமாக, யாரும் தொடாமலே வெடித்து உதிரும். உருக்கும்போது உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகள் அதற்குக் காரணம். ஹீட் சோக் என்ற சூடேற்றும் சோதனையைத் தாண்டிய கண்ணாடியில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. டஃபன் செய்த பிறகு ஒரு மி.மீ. கூட அறுக்க முடியாது; ஆகவே நிலை சுவரில் நின்ற பிறகே கண்ணாடிக்கு அளவு கொடுங்கள்.

அறைப் பக்கம் 3 மி.மீ. இரண்டை நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி போடலாம். உடைந்தாலும் ஒயின் பாட்டில்கள் மேல் உதிராது. அந்தத் தாள் புற ஊதாக் கதிரில் 99 சதவீதத்தையும் நிறுத்திவிடும். ஆனால் ஒயினைக் கெடுப்பது புற ஊதா மட்டுமல்ல. ஒயினிலுள்ள ரிபோஃபிளேவின் நீல ஒளியையும் உறிஞ்சி, கந்தக வாடை தரும் சேர்மங்களுக்கு வழி செய்கிறது. நீல ஒளி எந்தத் தெளிவான கண்ணாடியிலும் புகும். ஆகவே நிறமற்ற பாட்டிலில் வரும் ரோஸே, வெள்ளை ஒயின், ஷாம்பெயின் ஆகியவற்றைக் கதவுக்கு நேராக வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் எல்இடி மஞ்சள் ஒளியாக இருக்கட்டும், கதவை மூடினால் அணையட்டும். கதவு மேற்கு ஜன்னலைப் பார்த்து நிற்கும்படி அமைத்தால் எந்தக் கண்ணாடியாலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது.

கண்ணாடியின் எடை சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு, 2.5 கிலோ. 900க்கு 2100 மி.மீ. கதவில் கண்ணாடி ஏறக்குறைய 750க்கு 1950 மி.மீ. என்றால், மொத்தம் 12 மி.மீ. தடிமனுக்கு 44 கிலோ. சட்டத்தோடு 60 கிலோவைத் தாண்டும். பேரிங் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் மூன்று வேண்டும். அதில் இரண்டை மேல் பாதியில் வையுங்கள், இழுவை அங்கேதான். டோர் குளோசர் அளவு 3 என்பது 60 கிலோ வரைக்கானது. அளவு 4 வாங்குங்கள். அது 80 கிலோ, 1100 மி.மீ. அகலம் வரை தாங்கும்.

மாட்டும் நாள்

நிலைக்கும் சுவருக்கும் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. விட்டு, ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்து நேர் பார்த்து, மெதுவாக விரியும் பியூ ஃபோமால் நிரப்ப வேண்டும். வேகமாக விரியும் ஃபோம் நிலையை உள்ளே தள்ளிக் கதவைப் பிடிக்க வைத்துவிடும். ஃபோம் காய்ந்ததும் கூடத்துப் பக்கம் முழுச் சுற்றும் சிலிகான். இங்கே ஈரம் கூடத்திலிருந்து அறைக்குள் தள்ளுகிறது, அதனால் அடைப்பு வெப்பமான பக்கத்தில்தான் விடுபடாமல் இருக்க வேண்டும். சுவரின் காப்புப் பலகை நிலையைத் தொடும்படி வந்து முடிய வேண்டும். நடுவில் வெறும் செங்கல் தெரிந்தால் அங்கே சுவர்ப்பூச்சு வியர்க்கும். சிலிகான் நியூட்ரல் வகையாக இருக்கட்டும். வினிகர் வாடை அடிக்கும் மலிவான சிலிகான் பிவிபி தாளின் ஓரத்தையும் டிஜியூவின் பசையையும் கெடுக்கும்; ஒயின் இருக்கும் அறைக்கு அந்த வாடையும் ஆகாது.

கண்ணாடி சட்டத்தின் அடியில் நேராக உட்காரக் கூடாது. பிளாஸ்டிக் கட்டைகளின் மேல் நிற்க வேண்டும். எடை கீல் பக்கக் கீழ் மூலைக்கும், பூட்டுப் பக்க மேல் மூலைக்கும் குறுக்காகப் போகும்படி கட்டை வைத்தால் கண்ணாடியே சட்டத்துக்கு முட்டுக்கொடுக்கும். இதைச் செய்யாத கதவு பூட்டுப் பக்கம் தொங்கி, அடியில் உரசத் தொடங்கும். கண்ணாடி உட்காரும் பள்ளத்தில் நீர் தேங்கினால் டிஜியூவின் பசை ஊறிப் போகும். காற்றுத்துளைகளை அறைப் பக்கம் மட்டும் விடுங்கள். ஈரம் குறைந்த காற்று அங்கேதான் இருக்கிறது.

வேலை முடிந்ததும் கூடத்து விளக்கை அணைத்து, ஒருவர் உள்ளே டார்ச் பிடித்துக் கதவின் ஓரமாக நகர்த்தட்டும். வெளியே நிற்பவருக்கு எங்கும் ஒளிக்கீற்று தெரியக்கூடாது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால், சுற்றிலும் ஒரே இறுக்கத்தோடு வர வேண்டும். இயந்திரம் ஓடும்போது ஊதுபத்திப் புகையைக் கேஸ்கெட்டை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோனால், புகை எந்த இடத்தில் உள்ளே வளைகிறதோ அங்கே கசிவு.

அறை 13 டிகிரிக்கு வந்து ஒரு நாள் கழித்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் வெளிமுகத்தை அளவெடுங்கள்: கண்ணாடியின் நடு, அடி ஓரம், சட்டத்தின் அடி. பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி தப்பாகக் காட்டும், அதனால் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டை ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். அடி ஓரத்தின் வெப்பம் நீங்கள் குறித்து வைத்த மோசமான பனிநிலையைவிட ஒரு டிகிரியாவது மேலே இருந்தால் நிம்மதி.

பிறகு எப்போதாவது மூடுபனி தெரிந்தால், அது எங்கே என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கூடத்துப் பக்கம் துடைக்க வந்தால் பனிநிலைச் சிக்கல். ஏசி கொஞ்சம் ஓடினாலோ மின்விசிறிக் காற்று கண்ணாடியில் பட்டாலோ போகும், தினமும் வந்தால் கண்ணாடியோ சட்டமோ போதாது. அறைப் பக்கம் துடைக்க வந்தால், கதவைத் திறந்ததில் ஈரக்காற்று உள்ளே போயிருக்கிறது. சில நிமிடத்தில் மறைய வேண்டும், மறையாவிட்டால் கேஸ்கெட்டில் கசிவு. இரண்டு பக்கமும் துடைத்தும் போகவில்லை என்றால் டிஜியூவின் பசை போய்விட்டது. ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிவிட்டன. துளையிட்டு உலர்த்தித் தருகிறோம் என்பவர்களை நம்பாமல் கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள், சட்டம் அப்படியே இருக்கலாம்.

அதனால் பில்லில் வெறுமனே "இன்சுலேட்டட் கிளாஸ் டோர்" என்று எழுத விடாதீர்கள். கூடத்துப் பக்கம் 6 மி.மீ. டஃபன்டு, இரண்டாம் முகத்தில் லோ-ஈ மென்பூச்சு, ஓரப் பூச்சு நீக்கியது, 16 மி.மீ. வார்ம்-எட்ஜ் ஸ்பேசர், ஆர்கான், அறைப் பக்கம் லேமினேட்டட், சட்டத்தின் வகை, பாலிஅமைடு பட்டையின் அகலம் என ஒவ்வொன்றும் எழுத்தில் வரட்டும். கண்ணாடிகளுக்கு நடுவே மூடுபனி வந்தால் எத்தனை ஆண்டு வரை மாற்றித் தருவார்கள் என்பதும் வேண்டும். கடைசித் தவணையில் ஒரு பகுதியை, கதவு ஏசி இல்லாத ஒரு மழை வாரத்தைத் தாண்டிய பிறகு தருவதாக ஆர்டர் கொடுக்கும் அன்றே பேசிக்கொள்ளுங்கள்.